பந்தியில் கோதுமை எங்கே ஒளிந்திருக்கிறது?

"சோறு, சாம்பார், ரசம், வடை... இதுல கோதுமை எங்க இருக்கு?" சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் புண்படுத்தும் நோய், உள்ள ஒருவர் பண்டிகைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. நம் விருந்துச் சமையல் அரிசியையும் உளுந்தையும் நம்பி நிற்பது. கேசரி, சேமியா பாயசம், பாதுஷா, போளி, சோமாசி ஆகியவற்றில் ரவையோ மைதாவோ இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஒதுக்கிவிடலாம். கண்ணில் படாமல் உள்ளே போவது தாளிப்பில் விழும் ஒரு சிட்டிகைப் பெருங்காயம்.

குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் அதன் உறவுப் புரதங்கள் உண்டு. இவற்றில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். புரோலின் நெருக்கமாக வரும் இடங்களை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடியாது. அதனால் பெரிய துண்டுகள் அப்படியே சிறுகுடலுக்கு வருகின்றன. 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு துண்டு 2002-ல் அடையாளம் காணப்பட்டது. குடல் சுவரில் உள்ள ஒரு நொதி இத்துண்டுகளின் குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. டிகியூ2 அல்லது டிகியூ8 மரபணு உள்ளவர்களில் சிலருக்கு, மாறிய துண்டைப் பகையென்று எண்ணி நோயெதிர்ப்பு அணுக்கள் கிளம்பி, சத்தை உறிஞ்சும் குடல் விரல்களையே அழித்துவிடுகின்றன.

இந்த அணுக்கள் புரதத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, அமினோ அமிலங்களின் வரிசையைப் படிக்கின்றன. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் புரதத்தின் மடிப்பு குலையும், வரிசை குலையாது. "நல்லா வெந்துடுச்சு, ஒண்ணும் ஆகாது" என்ற ஆறுதல் இந்த நோயில் செல்லாது.

எவ்வளவு போனால் ஆபத்து? நாளுக்கு 10 மில்லிகிராம் குளூட்டனுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் குடல் பாதிப்பதில்லை. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனால் சேதம் தெரிகிறது. மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 10 மில்லிகிராம் என்பது 0.1 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டியில் முப்பதில் ஒரு பங்கு. கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டால் பறக்கும் அளவு.

இனி பெருங்காயம். கடையில் வாங்கும் பொடியும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் காரமும் நெடியும் மிகுந்தது என்பதால் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத் தணிக்கிறார்கள். அந்த மாவு பல சமயம் கோதுமை அல்லது மைதா. பாதி மாவு என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கான சாம்பாரில் கால் தேக்கரண்டி, அதாவது சுமார் 0.6 கிராம் போட்டால், பானையில் 30 மில்லிகிராம் குளூட்டன், ஓர் ஆளுக்கு 5. ரசத்தில் இன்னொரு 5. மோர், ஊறுகாய், புளியோதரை, இட்லிப்பொடி எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. பாயசம் வருவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிடும். பிசின் மட்டும் உள்ள பால் பெருங்காயமோ, அரிசி மாவு சேர்த்ததென்று பொட்டலத்தில் அச்சிட்டதோ வாங்கிக் கொடுத்துவிடலாம். விருந்துக்குப் போகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டிய பொருள் இதுதான். இனிப்புப் பெட்டியெல்லாம் அப்புறம்.

அடுத்து எண்ணெய்ச் சட்டி. உளுந்து வடையில் குளூட்டன் இல்லை. ஆனால் பூரியோ சோமாசியோ பொரித்த எண்ணெயில் வடை போட்டால், அடியில் கிடக்கும் மாவுத் துகள் வடையில் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெயை வடிகட்டினாலும் நுண்துகள் தங்கிவிடும். எனவே வரிசையை மாற்றுங்கள்: காலையில் புது எண்ணெயில் வடை, அப்பளம், முறுக்கு. அவற்றை எடுத்து மூடி வைத்த பிறகு மைதாப் பலகாரம். முறுக்கு அச்சின் துளைகளையும் சல்லடையையும் சும்மா அலசினால் போதாது, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது.

அரிசி மாவு எங்கே அரைத்தது என்பதும் முக்கியம். மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், கல்லிலும் துணிப்பையிலும் தங்கிய மாவு உங்கள் மாவோடு இறங்கும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி வீட்டு மிக்சியில் அரைத்துச் சலிப்பதே நிம்மதி. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எல்லாம் இயல்பில் பாதுகாப்பானவை என்றாலும் மில்லுக்குப் போனால் இதே கதைதான். சத்துமாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். மால்ட் பானங்களில் பார்லி.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. சம்பா அரிசி நெல்லிலிருந்து வருவது, சம்பா ரவை கோதுமை. "சம்பா ரவை உப்புமாதானே" என்று நம்பிச் சாப்பிட்டுவிடக் கூடாது. திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பால்தான். ஜவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கு மாவு, தாராளமாகப் பாயசம் வைக்கலாம்.

அதிரசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியும் வெல்லமும்தானே என்று எடுக்கிறோம். பாகு பதம் தவறி மாவு தளர்ந்துபோனால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். அதைக் காப்பாற்றச் சிலர் ஒரு பிடி கோதுமை மாவோ மைதாவோ கலந்துவிடுவார்கள், குளூட்டன் வலைபோலப் பிடித்துக்கொள்ளும் என்பதால். செய்தவருக்கே அது மறந்திருக்கும். "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டால் விடை வராது, "மாவு தளர்ந்துச்சா அத்தை, என்ன சேர்த்தீங்க?" என்று கேட்டால் வரும். தளர்ந்த மாவுக்கு ஈர அரிசி மாவையே கொஞ்சம் கூட்டலாம். சோமாசி வேண்டுமென்றால், கொழுக்கட்டைக்குப் போலக் கொதிநீர் ஊற்றிக் கிளறிய அரிசி மாவில் மேல்தோல் தட்டலாம். ஸ்டார்ச் வெந்து பசையாகிப் பிடிப்புத் தரும். பாதுஷாவை மட்டும் விட்டுவிடுங்கள், குளூட்டன் இல்லாமல் அந்த அடுக்கு வராது. வீட்டிலேயே தனி எண்ணெயில் செய்த ஜாங்கிரியும் மைசூர்பாகும் இருக்கின்றன.

வாழை இலை நல்ல துணை, யாரும் சாப்பிடாத புதுத் தட்டு அது. சிக்கல் பரிமாறும் கரண்டியில். கேசரி வைத்த கரண்டி அடுத்து சர்க்கரைப் பொங்கலுக்குள் போகும். "அத்தை, பந்திக்கு முன்னாடி எனக்குத் தனியா எடுத்து வச்சிருங்க" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால், இலைமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுக்கும் சங்கடம் இல்லை.

"ஒரு நாள்தானே, ஒரு வாய்" என்பவர்களிடம் கோபப்பட வேண்டாம். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வட இந்தியாவில் ஆயிரத்துக்குச் சுமார் 12 பேருக்கு இருந்த இந்த நோய், தென்னிந்தியாவில் ஒருவருக்குத்தான் இருந்தது. நம் உறவுகள் கேள்விப்படாதது இயல்பு. இது ஒவ்வாமையும் அல்ல, வயிற்று உபாதையும் அல்ல. உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே குடல் புண்படலாம், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும் என்று ஒரு முறை விளக்கினால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். குளூட்டனைச் செரிக்கவைப்பதாக விற்கும் மாத்திரைகளை நம்பி ஒரு வாயும் வைக்காதீர்கள். சந்தேகம் இருப்பவர்கள், ரத்தப் பரிசோதனை முடியும் முன் கோதுமையை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் எதிர்ப்புப் புரதம் குறைந்து சோதனை பொய் சொல்லும்.

மறுநாள் மிச்சத்தில்தான் பலர் ஏமாறுவது. முந்தின நாள் தனியாக வைத்த ரசத்தில் ராத்திரி யாரோ பூரி தொட்ட கரண்டியை விட்டிருப்பார்கள். மூடிமேல் பெயர் எழுதிய பாத்திரம், உள்ளேயே அதற்கென்று ஒரு கரண்டி, குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டு. கீழ்த்தட்டில் வைத்தால் மேலிருந்து உதிர்வது அதில் விழும்.