எலியின் விந்தணுவில் எந்த வாரம் அடி விழுந்தது?

ஓர் ஆண் சுண்டெலிக்கு மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அதனோடு சேர்ந்த பெண் எலிகளின் வயிற்றில் பல கருக்கள் ஆரம்பத்திலேயே செத்துப்போகின்றன. இரண்டு மாதம் கழித்து அதே ஆணோடு சேரும் பெண்ணுக்கோ வழக்கம்போலக் குட்டிகள். மருந்து ஒன்றுதான், எலியும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இப்படி?

சுண்டெலியின் விந்தகத்தில் ஒரு ஸ்டெம் செல் (விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் மூலச் செல்) விந்தணுவாக மாற ஏறக்குறைய 35 நாள் ஆகும். வெளியே வர இன்னும் ஒரு வாரம். ஆகவே ஊசி போட்ட சில நாளில் கருவுற்றால், மருந்து பட்டது கிட்டத்தட்ட முடிந்த விந்தணுவில். இரண்டு மாதம் கழித்து என்றால், அன்றைக்கு ஸ்டெம் செல்லாக இருந்ததில். இணைசேர்ந்த தேதியை வைத்தே அடி விழுந்த கட்டத்தைச் சொல்லிவிடலாம்.

முதிர்ந்த விந்தணுவில் டி.என்.ஏ. இறுகச் சுருட்டப்பட்டிருக்கும், பழுதுபார்க்கும் நொதிகள் வேலை செய்வதில்லை. சேதம் அப்படியே கருமுட்டைக்குள் போய், குரோமோசோம்கள் உடைகின்றன. ஸ்டெம் செல்லுக்கோ பழுதுபார்க்க வசதியும் அவகாசமும் உண்டு.

ஆனாலும் ஸ்டெம் செல்லில் தங்கிவிட்ட பிழை ஆயுசுக்கும் தொடரும். அதை எண்ணத்தான் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரசல், லியான் ரசல் தம்பதி ஒரு வழி கண்டார்கள். குறிப்பிட்ட 7 ஜீன்களிலும் ஒடுங்கு பண்பு (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் பண்பு) கொண்ட பெண் எலி இனம் ஒன்றை உருவாக்கி, கதிர்வீச்சு பட்ட சாதாரண ஆணோடு சேர்த்தார்கள். அப்பா தந்த ஜீன்கள் சரியாக இருந்தால் குட்டிகள் எல்லாம் சாதாரணம். ஒன்று கெட்டிருந்தால் வெளிறிய ரோமம், இளஞ்சிவப்புக் கண், குட்டைக் காது என்று உடம்பிலேயே தெரிந்துவிடும். நுண்ணோக்கியே வேண்டாம், கூண்டைத் திறந்து பார்த்தால் போதும். அப்படி லட்சக்கணக்கான குட்டிகளைப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு மலைப்பு.

பழ ஈக்களை வைத்து, கதிர்வீச்சின் மொத்த அளவுதான் முக்கியம், அதைக் கொடுக்கும் வேகம் அல்ல என்று நம்பியிருந்த காலம் அது. அதே அளவு கதிர்வீச்சை மெதுவாகக் கொடுத்தால் எலியின் ஸ்டெம் செல்லில் சடுதிமாற்றம் (ஜீனில் விழும் பிழை) குறைகிறது என்று 1958-இல் இவர்கள் காட்டினார்கள்.

1979-இல் எத்தில் நைட்ரோசோயூரியா என்ற ரசாயனம் இந்தச் சோதனைக்கு வந்தது. எலியின் எடையில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் கொடுத்தபோது, 600 ராண்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு) எக்ஸ் கதிரைப்போல 5 மடங்கு சடுதிமாற்றம்! சேதத்தின் வகையும் வேறு. கதிர்வீச்சு டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அறுக்கும். பெரிய துண்டுகளே காணாமல் போகும். இந்த ரசாயனம் டி.என்.ஏ.வில் தைமின் போன்ற ஓர் எழுத்தில் எத்தில் தொகுதியை ஒட்டிவிடும். நகலெடுக்கும்போது அந்த ஒரு எழுத்து தப்பாகப் படிக்கப்படும். ஒரே ஜீனைக் கெடுத்துப் பார்க்க இது தோதானது என்பதால் ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். உடலின் நாள்கடிகாரத்தை ஓட்டும் 'கிளாக்' ஜீன் 1994-இல் சிக்கியது இப்படித்தான்.

பெண் எலியின் கதை வேறு. இளம் எலியின் முதிராத கருமுட்டைகள் 0.1 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவுக்கே பெருமளவில் செத்துவிடும். செத்த செல் எந்தப் பிழையையும் கடத்தாது. மனிதப் பெண்ணின் முதிராத முட்டைகள் இதைவிட நன்றாகத் தாங்குபவை. எனவே மனிதர்களுக்கான ஆபத்தைக் கணிக்கும்போது, ஆண் எலியிடம் கிடைத்த எண்ணையே இரு பாலுக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.