மூக்கில் தழும்பு விழுகிறதென்று மெஷினைக் கழற்றி வைக்காதீர்கள்

நித்திரையில் மூச்சு அடைபடுகிற வருத்தத்துக்கு, இரவில் மாஸ்க் வழியாகக் காற்று ஊதுகிற சீபாப் (CPAP) மெஷின் போடுகிறவர்களிடம், கலியாண மாதம் நெருங்கினால் கிளினிக்கில் ஒரே கதைதான். "மகளின்ட கலியாணம் வருது டொக்டர், படத்தில மூக்குத் தழும்பு விழும், அதால மெஷினை நிப்பாட்டிட்டன்." கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்து, இரவு முழுக்க உடம்பில் வயர் ஒட்டிப் பரிசோதனை செய்து, மணித்தியாலத்துக்கு முப்பது நாற்பது தடவை மூச்சு அடைபடுகிறது என்று கண்டு, கடன்பட்டு வாங்கிய சீபாப் மெஷின் அலுமாரிக்கு மேல் போய்விடுகிறது. மெஷின் போட்டால் முகம் மாறும் என்று வாட்ஸப்பில் வந்த 'முன்–பின்' படத்தைப் பார்த்துவிட்டு, மூன்று கிழமை போட்டும் கருவளையம் போகவில்லையே என்று கோபித்துக் கழற்றுகிறவர்கள் வேறு. மெஷின் வேலை செய்கிறதா இல்லையா என்பதை இரண்டு கூட்டமும் கண்ணாடியில் பார்க்கிறது. அங்கே பார்க்க வேண்டிய விஷயமில்லை அது.

நிறுத்தினால் என்ன? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு இரவிலேயே மூச்சடைப்புத் திரும்பிவிடும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் இரவில் லொறி ஓட்டுகிறவருக்கு அதன் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

முகம் மாறுமா என்றால், கொஞ்சம் மாறும். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 20 நோயாளிகளின் முகத்தைச் சிகிச்சைக்கு முன்னும், குறைந்தது இரண்டு மாதம் மெஷின் போட்ட பின்னும் முப்பரிமாணப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். எது முன், எது பின் என்று தெரியாதவர்களிடம் படங்களைக் காட்டியபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரைச் சிகிச்சைக்குப் பிறகு சுறுசுறுப்பாகவும் இளமையாகவும் இருப்பதாகத் தெரிவுசெய்தார்கள். அளவெடுத்துப் பார்த்ததில் நெற்றியின் அதைப்பு குறைந்திருந்தது. கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் இருந்த சிவப்பும் குறைந்திருந்தது. எல்லோரும் எதிர்பார்க்கிற கருவளையத்திலோ கண்ணுக்குக் கீழ் வீக்கத்திலோ பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இருபது பேரின் சிறிய ஆய்வுதான். ஆனாலும் கிளினிக்கில் காண்பதும் இதுதான்: முகம் வெளிக்கும், கண் தெளியும், வீட்டுக்காரர் "முகம் தெளிஞ்சிருக்கு" என்பார். கருவளையம் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததாக இருக்கலாம், இரத்தச்சோகையாக இருக்கலாம், அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக் கசக்கி வந்ததாக இருக்கலாம். மூக்கால் ஊதுகிற காற்று அதற்கு மருந்தல்ல.

இனி அந்தத் தழும்பு. மெஷின் தழும்பு போடாது. நீங்கள் இழுத்துக் கட்டுகிற பட்டிதான் போடுகிறது. இதை எத்தனை தரம் சொன்னாலும் ஏறுவதில்லை, ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு (குஷன்) பெரும்பாலும் இரட்டைப் படலம். காற்று வந்ததும் மெல்லிய வெளிப்படலம் உப்பி முகத்தில் மெதுவாகப் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். அது உப்ப இடம் வேண்டும். காற்று கசிகிறது என்று பட்டியை இறுக்கினால் படலம் நசுங்கி மடிகிறது. மடிப்பு வழியாக இன்னும் கசிகிறது. திரும்பவும் இறுக்குகிறீர்கள். விடிய எழும்பும்போது மூக்குத் தண்டில் பள்ளம், கண்ணுக்குக் கீழ் வீக்கம், மேல்பக்கக் கசிவு கண்ணில் ஊதியதால் கண் சிவப்பு. பிறகு "மெஷின் ஒத்துக்கொள்ளேல்லை" என்று சொல்வீர்கள்.

சரியாகப் போடுவது இப்படி. இருந்துகொண்டு போடாதீர்கள், படுத்தால் முகத்தசை வேறு மாதிரிச் சரியும். நீங்கள் வழமையாகப் படுக்கிற பக்கம் படுத்து, எல்லாப் பட்டியையும் தளர்த்தி, மெஷினை இயக்குங்கள். முதலில் கீழ்ப்பட்டிகள் இரண்டையும் ஒரேயளவாக, பிறகு மேல்பட்டிகள். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் இலகுவாக நுழைய வேண்டும். கசிந்தால் இறுக்காதீர்கள்: மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று வெளியே இழுத்து, குஷன் உப்பியதும் திரும்ப வையுங்கள். அப்படியும் கசிந்தால் அளவு பிழை, அல்லது குஷன் பழசு. வருடக்கணக்காக ஒரே குஷனில் இருப்பவர்கள் பலர். சில மாதங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பொருள் அது. தாடி வைத்திருந்தால் முழுமுக மாஸ்க் ஒழுங்காக அடைக்காது. நாசித் துவாரத்தில் வைக்கிற தலையணை மாதிரி மாஸ்க் பலருக்குச் சரிவரும், மூக்குத் தண்டையும் தொடாது. கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதற்கு மாறிப் பழகுங்கள்.

வெறும் அழுத்தத் தடம் எழும்பி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் போய்விடும். மத்தியானமும் சிவப்பாக இருந்தாலோ, தோல் உரிந்தாலோ, அன்றே மாஸ்க்கை மாற்றுங்கள். சீனி வருத்தக்காரர் இன்னும் கவனம். நம்முடைய தோலில் புண் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். அதற்கு மேல் வெள்ளையாக்கும் கிறீம் பூசுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவற்றில் பலதில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும். அது தோலை மெல்லிசாக்கும். மெல்லிசான தோலில் இரவிரவாகப் பட்டி அழுத்தினால் திரும்பப் புண். தயவுசெய்து விடுங்கள்.

இரவில் முகம் கழுவுங்கள், கிறீமும் பவுடரும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்தால் காலையில் வையுங்கள். படுக்கும்போது வைத்தால் பட்டி வழுகும், சிலிக்கோன் பழுதாகும். குஷனைத் தினமும் காலையில் மென்மையான குழந்தைச் சவர்க்காரத்தால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டோலும் வேண்டாம், ப்ளீச்சும் வேண்டாம்.

திருகோணமலைக் காலநிலைக்குத் தனியாக ஒரு வார்த்தை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காற்று உலர்ந்து மூக்கு எரியும், வாய் திறந்து நித்திரை கொள்வீர்கள். காற்றை ஈரமாக்குகிற தண்ணீர்ப் பெட்டியின் ஈரப்பத அளவை ஒன்றிரண்டு கூட்டுங்கள். வாடைக் காலத்திலும் ஏ.சி. அறையிலும் குழாய்க்குள் தண்ணீர் கோர்த்துக் களக்களக்கென்று முகத்தில் தெறிக்கும், அப்போது குறையுங்கள். பெட்டிக்குள் காய்ச்சி வடித்த நீர் மட்டும். கடலோரக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது. ஒரு மாதத்தில் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் நித்திரை கொள்கிறவர்கள் பகலில் போட வேண்டும். மெஷினுக்கு நேரம் தெரியாது.

மெலிவதற்காகப் போடுகிறவர்களுக்கு: மெஷின் உங்களை மெலிய வைக்காது. சிலருக்கு எடை சற்றுக் கூடியும் இருக்கிறது. கன்னம் வற்ற வேண்டுமென்றால் சோற்றுக் கோப்பையில்தான் கைவைக்க வேண்டும். விடிந்தும் நாள் முழுக்க முகம் அதைத்தே இருந்தால் தைரொயிட்டையும் சிறுநீரில் புரதத்தையும் பாருங்கள். தைரொயிட் குறைவு முகத்தையும் அதைக்க வைக்கும், குறட்டையையும் கூட்டும்.

உண்மையில் முக அமைப்பை மாற்றுகிற சிகிச்சைகள் வேறு. கீழ்த்தாடையை முன்னுக்கு இழுக்கும் பற்கவசம் வருடங்கள் போகப் போக முன்பற்களை நகர்த்தும், கடி மாறும். பல் வைத்தியர் தொடர்ந்து பார்க்க வேண்டும். இரு தாடைகளையும் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தும் சத்திரசிகிச்சை முகத்தின் பக்கத்தோற்றத்தையே மாற்றும். வளர்கிற பிள்ளைகளுக்கு மாஸ்க் வருடக்கணக்கில் அழுத்தினால் மேல்தாடை வளர்ச்சி பின்தங்கலாம். அவர்களுக்குத்தான் இந்தப் பயம் நியாயமானது. அவர்களையும் மெஷினை நிறுத்தாமல், பல் வைத்தியரிடம் காட்டிக்கொண்டே போட வையுங்கள்.

கடைசியாக, கனடாவிலும் லண்டனிலும் இருந்து மாமா அனுப்புகிற பழைய மெஷின். அதில் இருப்பது மாமாவுக்கு வைத்த அழுத்தம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிரக்கூடும் என்று பல மாடல்களைத் திரும்பப் பெற்றது; மாடலும் சீரியல் நம்பரும் பார்க்காமல் மூக்கில் வைக்காதீர்கள். கிளினிக்குக்கு வரும்போது மெஷின், மாஸ்க், குழாய், மெமரி கார்ட் நாலையும் கொண்டு வாருங்கள். எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மீதமுள்ள மூச்சடைப்பு மணித்தியாலத்துக்கு 5க்குக் கீழே வந்ததா என்று அதில் இருக்கும். செல்ஃபி வேண்டாம்.