முதல் பாட்டு வானொலிக்குப் போவதற்கு முன்னால்

கிளெர்மோன்-ஃபெரான் என்றால் வெளிநாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மிஷலின் டயர்தான். ஆனால் பிரான்சின் நடுவில், எரிமலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு இசையிலும் தனிப் பெயர் உண்டு. 2000-ல் இங்கே 'லா கோப்பெராத்தீவ் து மே' அரங்கம் திறந்தது. 2006-ல் கோக்கூன் என்ற இரண்டு பேர் கொண்ட ஃபோக்-பாப் குழு இங்கிருந்து கிளம்பி, அடுத்த வருடமே முதல் ஆல்பத்தைப் போட்டு நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது. அதே காலத்தில் க்யூட்டு ஃபோக் என்ற சின்ன இசை வெளியீட்டு நிறுவனம், கையால் தைத்த உறைகளில் சிடி போட்டு விற்றது. பாரிசுக்குப் போகாமலேயே ஒரு குழு வளரலாம் என்ற நம்பிக்கை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்போது வந்தது.

இப்படி வளர்ந்துவரும் குழுக்களின் சம்பளக் கணக்கு, ஒப்பந்தம், பாடல் உரிமைப் பதிவு ஆகியவற்றைப் பார்ப்பதுதான் என் வேலை. கிட்டார், பாஞ்சோ, செல்லோ, இரண்டு குரல் என்று நான்கைந்து பேராக வருவார்கள். பாட்டு அருமையாக இருக்கும். பெரும்பாலும் ஒரு பாட்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் வருவார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. அதற்குள் இரண்டு வருட மேடைகள் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போயிருக்கும்.

முதலில் மேடைப் பணம். பாரில் வாசித்தால் சாப்பாடு, பீர், கையில் கொஞ்சம் ரொக்கம் என்று பேசிக்கொள்கிறார்கள். பணம் கொடுத்து ஒரு கலைஞரை மேடையேற்றினால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அது வேலை ஒப்பந்தம் என்றே பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மேடைக்கும், ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு வேண்டும். நிகழ்ச்சி நடத்துவது முக்கியத் தொழிலாக இல்லாத பார், நகராட்சி, கிராமத்துச் சங்கம் போன்றவர்களுக்காகவே கூசோ என்ற ஒற்றைச் சாளர ஏற்பாடு இருக்கிறது. வரி, காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் ஒரே படிவத்தில் முடிந்துவிடும். 'அது பெரிய தலைவலி' என்று பார்க்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

சீட்டு ஏன் இவ்வளவு முக்கியம்? 12 மாதத்தில் 507 மணி நேர வேலை காட்டினால், மேடை இல்லாத நாட்களுக்கும் உதவித்தொகை தரும் ஏற்பாடு பிரான்சில் கலைஞர்களுக்கு இருக்கிறது. ஒரு மேடைச் சம்பளம், இங்கே 'கஷே' என்பார்கள், 12 மணி நேரமாகக் கணக்கில் ஏறும். அப்படியானால் 43 மேடை போதும். வருடத்துக்கு அறுபது இடங்களில் வாசித்துவிட்டு, கையில் பத்துச் சீட்டோடு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. அப்புறம் விபத்து. நிகழ்ச்சி முடிந்து நடுராத்திரியில் வேனில் திரும்பும்போது ஏதாவது நடந்தால், அது வேலை தொடர்பான விபத்துதான் என்று காட்ட அந்தச் சீட்டுதான் முதல் ஆதாரம்.

இன்னொரு சிக்கல் சங்கம். குழுக்கள் 1901-ம் வருடச் சட்டப்படி ஒரு சங்கம் தொடங்கி, அதன் வழியாகத் தங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொள்கின்றன. நல்ல வழிதான். ஆனால் பாடகரே தலைவர், டிரம்மரே பொருளாளர் என்றால், தனக்குத் தானே முதலாளியாக இருப்பவர் தொழிலாளி அல்ல என்று சொல்லி உதவித்தொகையை மறுக்க இடம் இருக்கிறது. காகிதத்தில் அத்தையைத் தலைவராகப் போட்டுவிட்டு எல்லா முடிவையும் நீங்களே எடுத்தாலும் அதே கதிதான். நிஜமாகவே முடிவெடுக்கக்கூடிய வெளி ஆட்களைத் தேடுங்கள். வருடத்துக்கு ஆறு நிகழ்ச்சிக்கு மேல் நடத்தினால், நிகழ்ச்சி அமைப்பாளராக அந்தச் சங்கம் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

1847-ல் பாரிசின் அம்பாசதூர் கஃபேயில் ஏர்னெஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர் குடித்ததற்குக் காசு கொடுக்க மறுத்தார். என் பாட்டை வாசித்து நீ சம்பாதிக்கிறாய், எனக்கு ஒன்றும் தரவில்லை, நான் மட்டும் ஏன் தர வேண்டும் என்று கேட்டார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1851-ல் பிறந்ததுதான் சாசெம், பாட்டு எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் பணம் வசூலித்துத் தரும் அமைப்பு. பதிப்பாளர், அதாவது பாட்டின் உரிமையைக் கவனித்து அதைப் பரப்புகிறவர், இல்லாத பாட்டுக்கு மேடையில் வரும் பணம் சொல்லுக்குப் பாதி, இசைக்குப் பாதி. பதிப்பாளர் வந்துவிட்டால் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. நிகழ்ச்சி முடிந்ததும் வாசித்த பாட்டுகளின் பட்டியல் சாசெமுக்குப் போக வேண்டும். அது போகாவிட்டால், அரங்கம் சாசெமுக்குச் செலுத்திய பணம் உங்கள் பாட்டைத் தேடி வராது.

இந்த 'இசைக்குப் பாதி' யாருக்கு? ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கும் இருவர் பெயரில் மட்டும் எல்லாப் பாட்டும் பதிவாகியிருந்தது. ஆனால் கேட்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போன மெட்டு செல்லோ வாசித்த பெண் ஒத்திகையில் கண்டுபிடித்தது. "அப்போ நாங்க நண்பர்கள், எழுதி வைக்கணும்னு தோணல" என்றார். என் கருத்து தெளிவானது: மெட்டு அவருடையது என்றால் அவரும் இசையமைப்பாளர்தான். கூட்டாக உருவான படைப்பு கூட்டுச் சொத்து என்றுதான் பிரெஞ்சுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் யாருடைய மெட்டு என்பதை மூன்று வருடம் கழித்து நிரூபிப்பது கொடுமை. தகராறு என்று வந்துவிட்டால் பணமும் யாருக்கும் போகாமல் நின்றுவிடும். ஒத்திகை முடிந்த அன்றே தேதி போட்டு, யார் என்ன செய்தார், எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஃபோனில் பதிவு செய்த அரைகுறை ஒத்திகைகளையும் அழிக்காதீர்கள்.

பாட்டு எழுதாமல் ஒலிப்பதிவில் வாசித்தவர்களுக்கும் பங்கு உண்டு. 1985-ம் வருடச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. உறையில் பெயர் வரும் முதன்மைக் கலைஞர்களுக்கு அதாமி, பெயர் வராமல் துணைக்கு வாசித்தவர்களுக்கு ஸ்பெதிதாம் வசூலித்துத் தருகின்றன. ஸ்டுடியோவில் யார் வாசித்தார்கள் என்ற பட்டியலை ஒலிப்பதிவு நாளிலேயே முடித்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் பாடும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. 1996 முதல் இங்கே தனியார் வானொலிகளுக்குப் பிரெஞ்சு மொழிப் பாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ஆங்கிலப் பாட்டு அதில் சேராது. கோக்கூன் ஆங்கிலத்தில் பாடித்தான் ஜெயித்தது, அதனால் மொழியை மாற்றுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வானொலியை நம்பிச் செலவுத் திட்டம் போட வேண்டாம், அவ்வளவுதான்.

கடைசியாகக் குழுவின் பெயர். அதை 'இன்பி' என்ற அரசு அலுவலகத்தில் வணிகக்குறியாகப் பதியலாம். 10 வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். மேனேஜர் பெயரிலோ ஒரே உறுப்பினர் பெயரிலோ பதியாமல், எல்லோர் பெயரிலும் பதியுங்கள். விலகுகிறவர் பெயரை எடுத்துக்கொண்டு போகலாமா, எத்தனை பேர் மிஞ்சினால் அதே பெயரில் மேடையேறலாம் என்பதை இரண்டு வரியில் எழுதி, பதிவுச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.