செயினில் எண்ணெய் எங்கே போய்ச் சேர வேண்டும்?

பள்ளியில் கிடைத்த இலவச சைக்கிளை ஓட்டும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாரம் ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். இரண்டே நாளில் கறுத்துப்போய் உடையெல்லாம் அப்புகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?"

தேங்காய் எண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கண்ணியை உற்றுப் பாருங்கள். பற்களின் நடுவே உட்காருகிற உருளை வெளியே தெரிகிறது. அதற்குள்ளே ஒரு குழல், குழலுக்குள்ளே ஒரு சின்ன எஃகுத் தண்டு. அந்தத் தண்டைத்தான் கடையில் 'பின்' என்பார்கள். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்சக்கரத்தோடு இருக்கும் பல்சக்கரமான ஃப்ரீ வீலுக்கு 18 பல் என்று வையுங்கள். ஒவ்வொரு கண்ணியும் முன்னால் ஏறும்போது 8 பாகை வளைந்து, இறங்கும்போது நிமிர்கிறது. பின்னால் 20 பாகை வளைந்து, மறுபடி நிமிர்கிறது. செயின் ஒரு சுற்று வருவதற்குள் நான்கு அசைவு. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 300. பள்ளி ஐந்து கிலோமீட்டர் என்றால், போய்வருவதற்குள் ஒவ்வொரு தண்டும் தன் குழலுக்குள் 3,000 தடவை உரசித் திரும்புகிறது. நம் கால் பலம் முழுவதும் இந்த உரசல் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது.

'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, தகடு எதுவும் நீளுவதில்லை. தண்டும் குழலும் தேய்கின்றன, அவ்வளவுதான். ஓர் இடத்தில் 0.1 மில்லிமீட்டர், ஒரு தடித்த தலைமுடி அளவு. 110 கண்ணியிலும் சேர்த்தால் 11 மில்லிமீட்டர்! பல்லில் சரியாக உட்காராமல் செயின் கழல்வது இதனால்தான்.

ஆகவே எண்ணெய் வேண்டிய இடம் அந்த மயிரிழை இடைவெளி. அங்கே ஊற்றவே முடியாது. எண்ணெய் தானாக ஏற வேண்டும். திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்துளை ஈர்ப்பு. தையல் மிஷின் எண்ணெய் போல் நீர்த்தது சீக்கிரம் நுழையும். கிரீஸ் வாசலிலேயே நின்றுவிடும். வெளியே தங்குகிற எண்ணெய்க்கு ஒரு வேலையும் இல்லை, தூசியைப் பிடித்து வைப்பதைத் தவிர. என்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்த மெக்கானிக் ஒரு பசை தடவுவார். கிரீஸில் கரகரப்பான பொடி கலந்தது. எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் நம் செயினிலும் அதே பசைதான். அந்தக் கறுப்பை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், நறநறக்கும். அதில் தூசியோடு செயினின் எஃகுத்துகளும் இருக்கிறது.

மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் மிச்சமிருந்தால் புது எண்ணெயைக் கரைத்துவிடும். அப்புறம் ஓர் உருளைக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசித் துடைப்பைத்தான். உடையில் கறை படுவதும் அதனால்தான்.

சரி, தேங்காய் எண்ணெய். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் உதவாது. நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். வடைச்சட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பிசுக்கு அதுதான்.

1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் செயினின் திறனை, அதாவது முன்னால் கொடுக்கும் சக்தியில் எவ்வளவு பின்னால் போய்ச் சேருகிறது என்பதை, அளந்தார்கள். அதிகபட்சம் 98.6 சதவீதம். சுத்தமான ஆய்வகத்தில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறனில் பெரிய வித்தியாசமில்லை. எண்ணெயின் பெரிய உதவி தேய்மானத்தைத் தடுப்பதில். நம் செம்மண் புழுதியிலும் கடற்கரை உப்புக் காற்றிலும் ஓடும் செயினை இப்படி அளக்க நம் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்கலாம் என்பது என் கருத்து. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஓட்டும் வண்டி அல்லவா?

உங்கள் செயினை நீங்களே அளக்கலாம். ஒரு தண்டின் நடுவில் ஸ்கேலை வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் புதுச் செயினுக்குக் காசு சேர்க்க ஆரம்பியுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் பற்களும் தேய்ந்திருக்கும். ஃப்ரீ வீலையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.