பாப், பொப், துள்ளிசை

எண்பதுகளில் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் 'பாப்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் மர்பி டவுனிலும் அதற்கு ஒரே பெயர், 'இங்கிலீஷ் பாட்டு'. மைக்கேல் ஜாக்சன் பாடினாலும் இங்கிலீஷ் பாட்டு, போனி எம் பாடினாலும் இங்கிலீஷ் பாட்டு. நாசியா ஹசன் இந்தியில் பாடியதுகூட எங்கள் தெருப் பாட்டிமாருக்கு இங்கிலீஷ் பாட்டுதான். கோயில் திருவிழாவுக்கோ மாதா திருநாளுக்கோ மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா நடக்கும். விருப்பப் பாடலைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். நடுநடுவே கூட்டத்திலிருந்து ஒரு குரல் கீபோர்டுக்காரரைக் கூப்பிடும்: "அண்ணே, அந்த இங்கிலீஷ் பாட்டு மியூசிக் ஒண்ணு வாசிங்கண்ணே!" அவர் நாலு வரி வாசிப்பார், பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்துவிடும்.

'பாப்' என்ற சொல் பத்திரிகையிலும் கேசட் அட்டையிலும் இருந்தது, எங்கள் வாய்க்கு அது வரவில்லை. இன்று அதே பாட்டுகளை நினைத்து உருகும்போது எல்லாரும் 'எயிட்டீஸ் பாப்' என்கிறோம். இவ்வளவு ஆசையாகப் பேசுகிற ஒன்றுக்குத் தமிழில் பெயர் வேண்டாமா? வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் எடுத்துப் புழங்கவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் மக்களைக் குறிக்கும் சொல் 'பாப்புலஸ்'. அதிலிருந்து ஆங்கிலத்தில் 'பாப்புலர்' வந்தது. மக்களுக்கு உரியது, மக்கள் விரும்புவது என்று பொருள் விரிந்தது. அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் 'பாப்'. பலூன் வெடிக்கும் 'பாப்' ஓசையிலிருந்தும் சோளப் பொரியிலிருந்தும் வந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வேறு சொல், ஓசையைப் போலச் செய்து பிறந்தது. இசைக்கான 'பாப்'புக்கும் அதற்கும் உறவில்லை.

இந்தச் சுருக்கம் முதலில் ஒட்டிக்கொண்ட இடம் வியப்பானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் திங்கள்கிழமைதோறும் எளியவர்களும் வரக்கூடிய மலிவுக் கட்டணத்தில் கச்சேரிகள் நடந்தன. அவற்றைச் செல்லமாகப் 'பாப்' என்றார்கள். அங்கே வாசித்ததோ பீத்தோவன், மோட்சார்ட். ஆக, தொடக்கத்தில் 'பாப்' என்பது யார் கேட்கிறார்கள் என்பதைத்தான் சொன்னது. எந்த வகை இசை என்று சொல்லவில்லை. 'பாப் சாங்' என்ற தொடர் 1926ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு, ஐம்பதுகளின் நடுவிலிருந்து, இளைஞர்களுக்கான, ஆடத் தூண்டுகிற, மூன்று நிமிடச் சொச்சத்தில் முடிகிற பாட்டு என்ற இன்றைய பொருள் நிலைத்தது. மூன்று நிமிடக் கணக்கு அழகியலால் வந்ததல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். தட்டு மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

இனி எழுத்து. தமிழ்நாட்டிலும் இங்கே பெங்களூரிலும் 'பாப்' என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் 'பொப்' என்று எழுதுகிறார்கள். டாக்டர், டொக்டர் என்று பிரிகிற அதே வேறுபாடு. ஆங்கிலத்தின் அந்த உயிரொலியை இங்கே 'ஆ' என்று கேட்கிறோம், அங்கே 'ஒ' என்று கேட்கிறார்கள். இதில் எது சரி என்று அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நான் கவனிப்பது வேறு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. 'பாப்' என்று எழுதினாலும் சொல்லும்போது ஓர் உகரம் ஒட்டி 'பாப்பு' ஆகிவிடும். நாம் 'பாப் இசை' என்று இடம்விட்டு எழுதி அந்த இடறலை அப்படியே வைத்திருக்கிறோம். அவர்கள் 'பொப்' என்பதோடு 'இசை'யைப் புணர்த்திப் 'பொப்பிசை' என்று ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். புணர்ச்சி விதிக்குள் வந்த சொல் நாக்கில் தமிழ்ச் சொல்லாகவே நடக்கிறது. 'பொப்பிசைப் பாடகர்', 'பொப்பிசைக் குழு' என்று மேலும் கிளைக்கவும் செய்கிறது.

அவர்களால் ஏன் முடிந்தது, நம்மால் ஏன் முடியவில்லை? இந்தச் சொல்லின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இலங்கையில் அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் தமிழ்ப் பாப் என்று ஒன்று உண்மையாகவே இருந்தது. சினிமாவுக்கு வெளியே, மேடையிலும் வானொலியிலும் தனிக்காலில் நின்றது. நித்தி கனகரத்தினத்தைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்கிறார்கள். ஏ. இ. மனோகரன் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயர் வாங்கினார். அவர் பாடிய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து கடல் தாண்டி வந்து, பெங்களூர்க் கல்யாண வீடுகளில் பேண்டு செட்காரர்கள் வாசிக்கும் அளவுக்குப் பரவியது. போர்த்துக்கீசியர் காலத்தில் வேர்கொண்ட பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளம் அந்தப் பாட்டுகளுக்கு அடியில் ஓடியது. பொருள் கையில் இருந்தது, அதனால் பெயர் தேவைப்பட்டது, சொல் பிறந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு கலைஞர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் போன நாடுகளுக்கெல்லாம் அந்தச் சொல்லும் போனது.

இங்கே நிலைமை வேறு. எண்பதுகளில் நம் காதுக்கு வந்த எல்லா இசையையும் சினிமா உள்ளிழுத்துக்கொண்டது. டிஸ்கோ வந்தால் அது சினிமாப் பாட்டு, சிந்தசைசர் வந்தால் அதுவும் சினிமாப் பாட்டு. 1982இல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்தின் 'இளமை இதோ இதோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். பி. பாலசுப்ரமணியம் குரலில், இளையராஜா இசையில், எந்த நாட்டுப் பாப்போடும் தோளுக்குத் தோள் நிற்கக்கூடிய பாட்டு. இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் அது ஒலிக்காத தமிழ்த் தெரு இந்த ஊரில் இல்லை. அதை யாரும் பாப் என்று சொன்னதில்லை. கமல் பாட்டு என்றோம், ராஜா பாட்டு என்றோம். பாட்டுக்கு நடிகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் போதுமானதாக இருந்த இடத்தில், வகைக்கு ஒரு பெயர் தேட வேண்டிய அவசியமே எழவில்லை.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் உறவு உண்டு. இந்தியாவைக் கலக்கிய எண்பதுகளின் பாப்புக்குப் பின்னால் இருந்தவர் இந்த ஊரில் பிறந்தவர். பிட்டு அப்பையா, குடகுக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே குழுவில் பாடிவிட்டு அறுபதுகளில் இங்கிலாந்து போனார். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்தவர் அவர். 1980இல் 'குர்பானி' படத்துக்காகப் பதினைந்து வயது நாசியா ஹசனைப் பாடவைத்தார். அடுத்த ஆண்டே நாசியாவும் அவர் தம்பி ஜோஹெப்பும் பாடிய 'டிஸ்கோ தீவானே' வந்தது. சினிமா இல்லாமல், கதாநாயகன் இல்லாமல், பாட்டுக்காகவே பாட்டை வாங்கலாம் என்று நம் நாட்டுக் கேசட் கடைகளுக்குக் கற்றுக்கொடுத்த தொகுப்பு அது. அந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குச் சினிமாப் பாட்டும் பாப்பும் ஒன்றல்ல என்று காதாலேயே தெரியும். தெரிந்ததைச் சொல்லத் தமிழ்ச் சொல்தான் இல்லாமல் இருந்தது.

என்னென்ன சொற்களை முயன்றிருக்கிறோம் என்று பார்க்கலாம். 'மெல்லிசை' முதலில் நினைவுக்கு வரும். அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் மெல்லிசை மன்னர்கள் என்று கொண்டாடிய நாளிலிருந்து அது கர்நாடக இசையின் கனம் குறைந்த, இனிய திரைப்பாட்டைக் குறிக்கிறது. அதோடு மிகப் பழைய சொல்லும்கூட. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், மெல்லிசை வண்ணம் ஒன்று, வல்லிசை வண்ணம் இன்னொன்று. மெல்லெழுத்து மிகுந்து வந்தால் முன்னது, வல்லெழுத்து மிகுந்தால் பின்னது. டிரம் அறையும் பாட்டை மெல்லிசை என்றால் சொல்லும் ஓசையும் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொள்ளும்.

'மக்களிசை' என்றால் இலத்தீன் வேரை அப்படியே பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை நாட்டுப்புறப் பாட்டுக்கும், கானாவுக்கும், ஒப்பாரிக்கும் உரியவர்கள் தங்கள் பெயராக வைத்திருக்கிறார்கள். சென்னையில் 2020 மார்கழியில் சபாக்களின் இசை விழாவுக்கு எதிரில் அந்தப் பெயரிலேயே ஒரு விழா எழுந்தது. உழைத்துப் பெற்ற பெயரை அவர்களிடமிருந்து எடுத்து மேற்கத்தியப் பாட்டுக்குக் கொடுப்பது நியாயமில்லை. 'வெகுசன இசை', 'ஜனரஞ்சக இசை' இரண்டும் கட்டுரைக்கு ஆகும். யாரும் "ஒரு வெகுசன இசை போடு" என்று சொல்லமாட்டார்கள்.

மீதி இருப்பது 'துள்ளிசை'. இதுவும் இலங்கைத் தமிழர் புழங்கிய சொல். எனக்கு இதன் மேல் உள்ள பற்று அதன் ஒலிக்காக மட்டுமல்ல. நம் யாப்பில் ஒவ்வொரு பாவுக்கும் ஓர் ஓசை உண்டு. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், வஞ்சிக்குத் தூங்கல், கலிப்பாவுக்குத் துள்ளல். 'துள்ளல் ஓசை கலியென மொழிப' என்பது தொல்காப்பியம். கலி என்றாலே ஆரவாரம். கன்று துள்ளுவதுபோல என்று உரைகாரர்கள் இந்த ஓசையை விளக்குவார்கள்.

துள்ளல் எப்படி உண்டாகிறது என்பதற்கு யாப்பு தெளிவான கணக்கே வைத்திருக்கிறது. மெய்யைக் கணக்கில் சேர்க்காமல், ஓர் எழுத்தொலியில் நிற்பது நேரசை, குறிலில் தொடங்கி இரண்டு எழுத்தொலி இணைவது நிரையசை. மூன்று அசை கொண்டு நேரசையில் முடியும் காய்ச்சீர் ஒன்று நின்று, அடுத்த சீர் நிரையசையில் தொடங்கினால் அது கலித்தளை. இந்த அடியைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள், பெங்களூருக்காக நான் கட்டியது: 'அல்சூரின் தெருமுனையில் அடித்தெழும்பும் முழவோசை'. நான்கும் காய்ச்சீர். ஒவ்வொரு சீரும் நேரில் காலூன்றி முடிகிறது, அடுத்தது நிரையில் எழும்புகிறது. தெரு, அடித், முழ என்று மூன்று இடத்தில் குரல் தானாக மேலே போகிறது. அதுதான் துள்ளல்.

இப்போது எண்பதுகளின் பாப்பைக் கேளுங்கள். சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையில் கிக் டிரம் தரையை அழுத்தும், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் டிரம் பளீரென்று அறையும். 1980இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர் 808, லின் நிறுவனத்தின் டிரம் இயந்திரம் எல்லாம் வந்தபின் இந்த அறை இம்மி பிசகாமல் விழுந்தது. 1983இல் யமஹா டிஎக்ஸ் 7 சிந்தசைசர் வந்ததும் மேலே மினுக்கும் மின்னிசையும் சேர்ந்துகொண்டது. ஆதி தாளத்தில் கனத்தைச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், எதிர்பார்த்துப் பழகிய நம் காதுக்கு, இரண்டாம் அடியும் நான்காம் அடியும் எழும்புவது புதிதாக இருந்தது. தோள் குலுங்கியதும் கால் தாளம் போட்டதும் அதனால்தான். ஊன்றி எழும்புவது என்ற அதே கணக்குதான், யாப்பில் அசையால், பாப்பில் டிரம் அடியால். இந்த உறவை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும், சொல் தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

எல்லாப் பாப்பும் துள்ளுமா என்று கேட்கலாம். துள்ளாது. எண்பதுகளில் சாக்ஸபோன் உருகி ஓடும் சோகப் பாட்டுகளும் பெரும் வெற்றி பெற்றன. அவற்றையும் சேர்த்து முழு வகைக்கும் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் 'பொப்பிசை' அல்லது 'பாப்பிசை' இருக்கட்டும். ஆடவைக்கும் பாட்டுக்குத் துள்ளிசை. ராப்பைச் 'சொல்லிசை' என்று மலேசியத் தமிழர் வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் பக்கத்தில் துள்ளிசையை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும்.

கிளைச் சொற்களும் சிரமமின்றி வருகின்றன: துள்ளிசைப் பாடகி, துள்ளிசைக் குழு, துள்ளிசைத் தொகுப்பு, எண்பதுகளின் துள்ளிசை. ஓவியத்தில் வரும் 'பாப் ஆர்ட்'டுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே துள்ளலுக்கு வேலையில்லை, 'வெகுசன ஓவியம்' சரியாக இருக்கும். 'பாப் கல்ச்சர்' என்பதற்கும் 'வெகுசனப் பண்பாடு'தான். பெங்களூரில் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர்கள் நோட்டீஸில் 'மெல்லிசை நிகழ்ச்சி' என்று அச்சடிக்கிறார்கள். பழைய இங்கிலீஷ் பாட்டுகளும் 'இளமை இதோ இதோ'வும் வாசிக்கிற பகுதிக்கு 'துள்ளிசை நேரம்' என்று தனியாக ஒரு வரி போடலாம்.