ஹ்யூகெ என்றால் சொகுசு இல்லை

டிசம்பர் விடுமுறைக்கு டென்மார்க் கூட்டிப்போகும் சுற்றுலாத் துண்டறிக்கைகளில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வருகிறது: "டேனிஷ் மக்களின் சொகுசுக் கலாசாரமான ஹ்யூகெயை அனுபவியுங்கள்." முதல் தடவை பார்த்தபோது ஏதோ கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன். நேற்று பார்த்தது நாலாவது.

ஹ்யூகெ என்பது, பிடித்தவர்களோடோ தனியாகவோ அவசரமில்லாமல் மனம் நிறைந்து இருக்கும் நிலையைச் சொல்லும் டேனிஷ் சொல். அதன் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே மொழியிலிருந்து டேனிஷுக்கு வந்த சொல், 1800-ஐ ஒட்டி எழுத்தில் தென்படத் தொடங்கியது, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் மனத்தைக் குறிக்கும் 'ஹுக்ர்' இதற்கு உறவு. பெயராகவும் வரும், வினையாகவும் வரும், 'ஹ்யூகெலி' என்று அடைமொழியாகவும் வரும்.

சரி, சொகுசு என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சொகுசுப் பேருந்து, சொகுசுக் கார், சொகுசு விடுதி. காசு கொடுத்தால் கிடைப்பது, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாதது. நான் ஹ்யூகெயைப் பார்த்தது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், நண்பர் வீட்டுச் சமையலறையில். மாலை நாலரைக்கே வெளியே கும்மிருட்டு. நண்பரின் அம்மா மேல் விளக்கை அணைத்துவிட்டு சன்னலோரம் மெழுகுவர்த்திகளை ஏற்றினார் (அந்தச் சுடரை டேனிஷில் 'உயிருள்ள வெளிச்சம்' என்றுதான் சொல்கிறார்கள்). அப்புறம், நம் பணியாரக் கல்லைப் போலவே குழி குழியான இரும்புச் சட்டியில் ஏப்லஸ்கீவர் என்ற டேனிஷ் பணியாரத்தை ஊற்றி, ஊசியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டு, தொட்டுக்கொள்ள ஜாமும் பொடித்த சர்க்கரையும் வைத்தார். எல்லோர் காலிலும் பழைய கம்பளிக் காலுறை, ஒருவருடையதில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. யாரும் எழுந்து போக அவசரப்படவில்லை. இதில் சொகுசு எங்கே இருக்கிறது?

பொருளில் சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைப் பார்த்தாலே போதும். டேனிஷில் 'உஹ்யூகெ' என்று ஒன்று உண்டு. பேய்க்கதை கேட்கும்போதும் ஆளில்லாத பாழ்வீட்டுக்குள் நுழையும்போதும் வருகிற திகில் அது. சொகுசுக்கு எதிர்ப்பதம் திகிலா? 2016-இல் டென்மார்க் தன் அடையாளமாகப் பத்து விழுமியங்களைத் தொகுத்து வெளியிட்டபோது நம்பிக்கை, சுதந்திரம், பாலினச் சமத்துவம் இவற்றோடு ஹ்யூகெயையும் வைத்தது. சொகுசை யாராவது அந்த வரிசையில் வைப்பார்களா?

அப்படியானால் ஹ்யூகெயைத் தமிழில் எப்படிச் சொல்வது? தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'இல்லின்பம்' என்று ஒரு சொல்லை முன்வைத்தார். அவர் நோக்கத்தை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. 'இல்' வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். முதல் தடவை படிப்பவருக்கு இன்பம் இல்லை என்றே தோன்றும். போகட்டும், ஹ்யூகெ வீட்டுக்குள் மட்டும்தானா? காபிக் கடையில் உண்டு, கோபன்ஹேகனில் 1843 முதல் இருக்கும் டிவோலி பூங்காவின் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கடியில் உண்டு, கோடையில் கடற்கரைப் புல்லிலும் உண்டு. அதே காரணத்தால் 'கதகதப்பு'ம் போதாது, அது குளிர்காலத்தோடு நின்றுவிடும். 'அளவளாவல்' மிக நெருங்கி வருகிறது. அளவளாவு இல்லாதவன் வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததுபோல என்கிறது குறள், அந்தக் கரையின் அணைப்புதான் ஹ்யூகெயிலும் இருக்கிறது. ஆனால் புத்தகமும் கையுமாகத் தனியாக ஒருவர் சுருண்டு கிடப்பதையும் டேனிஷ்காரர்கள் ஹ்யூகெ என்பார்கள். அங்கே யாரோடு அளவளாவுவது?

என் தேர்வு 'இதம்'. வடமொழி வேர் என்று அன்பர் கோபப்படுவார், தெரியும். இளவெயில் இதமாக இருக்கிறது, அவர் பேச்சு இதமாக இருந்தது என்று உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்து நாம் தினமும் சொல்கிற சொல் வேறு எது? திகிலுக்கு நேர் எதிராக அது நிற்கவில்லை, அந்தக் குறையை ஒத்துக்கொள்கிறேன். வினைக்கு 'இதமாக இருப்பது' என்றால் போதும், புதிதாக எதையும் புனைய வேண்டாம்.

இந்தத் துண்டறிக்கை மொழிபெயர்ப்பாளர்கள் டேனிஷைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஆங்கில விளம்பரத்தைப் பார்த்து, அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விருந்து முடிந்து கிளம்பும்போது அங்கே விருந்தினர் சொல்வது, "இந்த ஹ்யூகெலி மாலைக்கு நன்றி." அன்று வாசலில் காலணி மாட்டியபடி நானும் அதைத்தான் சொன்னேன். "சொகுசான மாலைக்கு நன்றி" என்று சொல்லியிருந்தால், பணியாரம் சுட்டுப் போட்ட அந்த அம்மாவின் முகம் வாடியிருக்கும்.