நகரக் குடிநீர்க் கிணறு: எந்தப் பையிலிருந்து பணம்?

அமெரிக்காவில் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் நகரங்கள், கிணற்றைச் சீரமைக்கவும் சுத்திகரிப்பு அமைக்கவும் முதலில் தட்டும் கதவு மாநிலக் குடிநீர்ச் சுழல் நிதி. 1996இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி இதை உருவாக்கினார்கள். மத்திய அரசு தரும் மானியத்தோடு மாநிலம் 20 சதவீதம் சேர்த்து, சந்தை வட்டிக்கு மிகாத வட்டியில் கடன் தரும். நகரங்கள் கட்டும் தவணையே அடுத்த ஊருக்குக் கடனாகப் போகும். அதனால்தான் சுழல் நிதி. தவணைக்காலம் 30 ஆண்டு வரை, பின்தங்கிய ஊர்களுக்கு 40 வரை.

வட்டி வித்தியாசம் குடிநீர்க் கட்டணத்தில் எப்படித் தெரியும்? 30 லட்சம் டாலர் கடன், 1,500 இணைப்புகள், 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வட்டியில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 130 டாலர். 2 சதவீதத்தில் சுமார் 89. அதே 2 சதவீதத்தில் அசலில் பாதியைத் தள்ளுபடி செய்தால் 45.

தள்ளுபடிக்குத்தான் போட்டி. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் 2022 முதல் 2026 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு, புதிதாகக் கவலை தரும் மாசுகளுக்கென்றே இந்த நிதி வழியாக 400 கோடி டாலர் ஒதுக்கியது. அதை மானியமாகவோ தள்ளுபடியாகவோதான் தர வேண்டும்; மாநிலப் பங்கும் தேவையில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள் (அவற்றில் சிலவற்றுக்கு வரம்பு வந்த பிறகும்), மாங்கனீஸ் போன்றவை இந்தப் பையில் வரும். ஏற்கெனவே மத்திய உச்சவரம்பு உள்ள ஆர்சனிக்கும் நைட்ரேட்டும் வராது; அவற்றுக்கு வழக்கமான சுழல் நிதிதான். மாசை நீக்குவதே திட்டத்தின் முதன்மை நோக்கமாகவும் இருக்க வேண்டும். கிணற்றுப் பழுதுபார்ப்பையே முன்னிறுத்தி, சுத்திகரிப்பைப் பின்குறிப்பாக எழுதினால் இந்தப் பை மூடிக்கொள்ளும்.

கிணற்றுப் பகுதிக்கு ஆதாரம் வேண்டும். நீர்மட்டம் ஓர் அடி இறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை கேலன் வருகிறது என்ற கணக்கையும், கிணறு தோண்டியபோது எடுத்த அதே கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 20 என்பது 12 ஆகியிருந்தால் வேறு விளக்கமே வேண்டாம். கேமரா இறக்கிப் பாருங்கள்: தண்ணீர் உள்ளே வரும் சல்லடைக் குழாயான ஸ்கிரீனின் துளைகளில் இரும்பு பாக்டீரியா துருநிறக் கோழையாக அப்பியிருந்தால் பிரஷ், அமிலம், நீரை மேலும் கீழும் அலைத்தல் போதும். கிணற்றுச் சுவராக நிற்கும் குழாயான கேசிங் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் அமிலம் அதைப் பெரிதாக்கிவிடும். அப்போது உள்ளே புதுக் குழாய் இறக்க வேண்டும், அல்லது மாற்றுக் கிணறு. வழக்கமான துப்புரவு பராமரிப்புச் செலவு, இதற்குப் பணம் கிடையாது. மூலதனச் சீரமைப்புக்கு உண்டு.

விண்ணப்பம் முதலில் மாநிலத்தின் முன்னுரிமைப் பட்டியலில் ஏற வேண்டும். உடல்நல ஆபத்து, சட்டத்துக்கு இணங்க வேண்டிய தேவை, ஒரு வீட்டின் மேல் விழும் சுமை: மூன்றையும் வைத்தே வரிசை அமையும். ஆய்வக முடிவு இல்லாத விண்ணப்பம் கீழேயே கிடக்கும். சுற்றுச்சூழல் ஆய்வு முடியுமுன் ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். அந்தப் பகுதியில் நிலவும் கூலியைத் தர வேண்டும் என்னும் டேவிஸ்-பேக்கன் சட்டத்தின் ஊதிய விகிதமும், இரும்பு, எஃகுப் பொருள்கள் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்ற விதியும் ஒப்பந்த ஆவணத்திலேயே இருக்க வேண்டும். குழாயைப் புதைத்த பிறகு சான்றிதழ் தேடினால், அந்தப் பில் நிற்கும். பணமும் மொத்தமாக வராது. செய்த வேலைக்கான பில்லைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

பிஎஃப்ஏஎஸ் வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் 2024இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதற்குக் கீழே கொண்டுவரக் மாசைப் பிடித்து வைக்கும் கார்பன் நிரப்பிய தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பார்கள். முதல் தொட்டியைத் தாண்டி மாசு வருவது தெரிந்ததும் இரண்டாவது காப்பாற்றும். தண்ணீரில் இரும்பும் மாங்கனீஸும் இருந்தால் அவற்றை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கார்பன் அடைத்துக்கொண்டு காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டிவரும். முதல் தடவை நிரப்பும் கார்பனைத் திட்டச் செலவில் சேர்க்கலாம். பிறகு மாற்றுவதெல்லாம் பராமரிப்பு. சுழல் நிதி தராது. அந்தத் தொகையைக் கட்டண விகிதத்தில் இப்போதே சேர்த்துக் காட்டுங்கள். ஊரால் நிலையத்தை நடத்த முடியுமா என்று மாநிலம் பார்ப்பது அதை வைத்துத்தான்.